துரு வடிதாளில் தங்கிய விஷம்: தண்ணீரில் உலோகம் பற்றிச் சில வார்த்தைகள்

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் சில இடங்களில் கண்ணாடி போலத் தெளிவாக வரும். பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தால் பழுப்பேறிக் கலங்கி, அடியில் துருப்பொடி படிந்துவிடும். தண்ணீரைச் சோதிக்கும் இந்த வேலைக்கு வந்த புதிதில் அப்படிக் கலங்கிய ஒரு மாதிரியை வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் ஆர்செனிக் சோதனைக்குக் கொடுத்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. மனம் கேட்காமல் மறுபடி போனேன். தண்ணீர் வந்த கையோடு அங்கேயே வடிகட்டி, துரு படியாமலிருக்க நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டுக் கொண்டுவந்தேன். இந்த முறை எண் பல மடங்கு ஏறியிருந்தது. முதல் மாதிரியில் இருந்த ஆர்செனிக் துருவோடு ஒட்டிக்கொண்டு வடிதாளிலேயே தங்கிவிட்டிருந்தது. அந்தக் கிணற்றுக்காரர்களிடம் ‘குடிக்கலாம்’ என்று நான் சொல்லியிருந்தால்? இத்தனை வருடம் கழித்தும் அந்த நினைப்பு வந்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதனால்தான், உலோகத்தின் பெயரும் எதிரே ஒரு எண்ணும் மட்டும் உள்ள நீர் ஆய்வறிக்கைகளை நான் நம்புவதில்லை. தண்ணீரில் உலோகம் இருந்தால் யாரோ கொட்டியிருக்க வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். கொட்டுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு கரைந்து நிற்கும், எவ்வளவு சேற்றில் இறங்கும் என்பது அந்தத் தண்ணீரின் குணத்தைப் பொறுத்தது.

இரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பூமியின் மேலோட்டில் எடைக் கணக்கில் ஏறத்தாழ 5 சதவீதம் இரும்புதான். இருந்தும் கரையிலிருந்து வெகுதூரத்தில், நடுக்கடலின் மேல்நீரில் லிட்டருக்குப் பத்து நானோகிராம் அளவுக்கே அது கிடைக்கும் இடங்கள் உண்டு. அதாவது ஒரு கிராம் இரும்பு சேர்க்கப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீர் வேண்டும். அங்கே ஆக்சிஜன் உண்டு, நீர் லேசான காரம், இரும்பு துருவாகிக் கீழே போய்விடுகிறது. அந்தக் கடல்களில் பாசிக்கு உரமான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளமாக இருந்தும் பாசி வளராததற்கு இரும்புப் பஞ்சமே காரணம் என்று கடல் ஆய்வாளர் ஜான் மார்ட்டின் 1980களின் கடைசியில் வாதிட்டார். 1993இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே கடலில் இரும்பைக் கரைத்துப் பார்த்தபோது பாசி பெருகியது. அவர் அதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார்.

ஆக்சிஜன் இல்லாத நிலத்தடி நீரிலோ அதே இரும்பு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் கூட நிற்கும். பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். இதில் யாரும் எதையும் கொட்டவில்லை.

வங்கதேசத்தின் ஆர்செனிக் துயரமும் இங்கேதான் தொடங்குகிறது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் மணலின் மேல் இரும்புத் துரு பூசியிருக்கும், அந்தத் துருவில் ஆர்செனிக் ஒட்டியிருக்கும். கூடவே புதைந்த மக்கிய பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்த பிறகு அதற்குப் பதிலாகத் துருவைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. துரு கரைய, ஆர்செனிக் நீருக்குள் வருகிறது. வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றத்தான் அங்கே குழாய்க்கிணறுகள் போட்டார்கள். உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பல கிணறுகளில் அதைப்போல் பல மடங்கு இருந்தது. ஆர்செனிக்குக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை.

செம்பின் கதை வேறு. இலைதழை மக்கிப் பழுப்பான நீரில் செம்பின் பெரும்பகுதி அந்தக் கரிமப் பொருளோடு பிணைந்துகொள்ளும். மீனின் செவுளைத் தாக்குவது பெரும்பாலும் பிணைப்பில்லாத செம்பு அயனிதான். ஆக, ஒரே செம்பு அளவு ஒரு குளத்தில் மீனைக் கொல்லும், இன்னொன்றில் ஒன்றும் செய்யாது. அமெரிக்கா 2007இல் நன்னீர்ச் செம்புக்கான வரம்பை மாற்றியபோது பி.எச். (அமில-காரத் தன்மை), கடினத்தன்மை, கரைந்த கரிமம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தது. சரியான முடிவு என்றே சொல்வேன்.

அளப்பதே பெரும்பாடு என்பதையும் சொல்ல வேண்டும். ஈயத்தை அளந்து பூமியின் வயதைக் கண்டுபிடிக்கப் போன வேதியியலாளர் கிளேர் பேட்டர்சனுக்கு ஆய்வகக் காற்று, பாத்திரம், வேதிப்பொருள் எல்லாவற்றிலும் கலந்திருந்த வேறு ஈயம் குறுக்கே நின்றது. அதை விரட்டிய பிறகே 1956இல் 455 கோடி ஆண்டு என்ற கணக்கு வந்தது. அதே சுத்தத்தோடு கடல்நீரை அளந்தபோது, ஆழத்தைவிட மேல்நீரில் ஈயம் அதிகம் என்று தெரிந்தது. பெட்ரோலில் கலந்த ஈயம் காற்றுவழி கடலில் விழுந்துகொண்டிருந்தது. அதுவரை கடல் ஈயம் என்று எழுதிவைத்த எண்களில் பெரும்பங்கு பாட்டிலின் ஈயம், கப்பலின் ஈயம்.

அறிக்கை வாங்குகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: மாதிரியை எப்போது வடிகட்டினீர்கள்? அமிலம் எங்கே சேர்த்தீர்கள்? பி.எச்., கரைந்த ஆக்சிஜன் இரண்டையும் கிணற்றடியிலேயே பார்த்தீர்களா? வெறும் பாட்டிலில் சுத்தமான நீரை ஊற்றி அதையும் சோதித்தீர்களா? மீட்டர்கள் கையில் அடங்குபவை. கிணற்றடியில் கால் மணி நேர வேலைதான் இது.