கேட்டு வாங்கியதைப் பிச்சை என்காதீர்கள்

அந்த மேடைப் பேச்சைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் ரெண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆளாளுக்கு அந்த வீடியோவையே அனுப்புகிறீர்கள். "வெள்ளைக்காரன் போட்ட பிச்சைதான் சென்னைப் பல்கலைக்கழகம்." ஒரே கைதட்டல்.

ஐயா, பல்கலைக்கழகத்தை அமைத்த சட்டம் வந்தது 1857 செப்டம்பர் 5-இல். சரி. பல்கலைக்கழகம் வேண்டும் என்று சென்னை ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் மனு போனது எப்போது? 1839 நவம்பரில். சுமார் 70,000 பேர் கையெழுத்து. இன்று தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதி, நம் தெருவில் பத்துக் கையெழுத்து வாங்கிப் பாருங்கள், தெரியும். கேட்டுவிட்டுக் கிட்டத்தட்ட 18 வருஷம் காத்திருந்தார்கள். பிச்சையாம்.

"மனுவுக்கு முன்னே நின்ற ஜார்ஜ் நார்ட்டனும் வெள்ளைக்காரர்தானே?" என்று உடனே கிளம்புவீர்கள். ஆமாம், அட்வகேட் ஜெனரல். வக்கீல் வாதாடினால் நிலம் வக்கீலுக்கா சொந்தம்?

"கையெழுத்துப் போட்டவர்களில் ஏழைபாழை எத்தனை பேர்?" நியாயமான கேள்விதான். அதை இன்னொரு நாள் பேசலாம்.

அப்புறம், அந்தச் சட்டத்தை மேடையில் பேசியவர் ஒருமுறையாவது புரட்டியிருப்பாரா? பாடம் நடத்துவதாக அதில் பேச்சே இல்லை. பரீட்சை வைப்போம், தேறினால் பட்டம் தருவோம், அவ்வளவுதான். லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரி. விழுந்து விழுந்து படித்தது யார்? முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம்பிள்ளை. ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887-இல் அச்சேற்றியவர். அவர் வாங்கியதும் பிச்சையா?

எங்கள் வீட்டில் முதல் பட்டம் அப்பாவுடையது. பகலில் மண்டிக்கடைக் கணக்கு, ராத்திரி படிப்பு, மூன்றாவது தடவைதான் தேறினார். அந்தச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில், வேப்பிலைச் சருகுகளோடு இருக்கும். கையைக் கழுவாமல் தொட விடமாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேலதிகாரி என் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "உங்களுக்கெல்லாம் கிடைச்சதே பெரிசு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீடியோவில் இவரும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்.

"ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்பவர்கள் தாராளமாக நட்பை முறித்துக்கொள்ளலாம்.

யாரோ அப்பாவுக்கும் அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். முழுசாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்ப்பா பேசறார்" என்றார்.


எனக்கு அதுதான் தாங்கவில்லை.