உங்கள் பெயருக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா?

எங்கள் பக்கம் ஒரு சென்ட் நிலம் வாங்குவதென்றாலும் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். முப்பது வருடத்துக்குப் போட்டு, வக்கீலிடம் கொடுத்து, மூலப்பத்திரம் எங்கே, நடுவில் இருக்கும் அடமானம் ரத்தாகிவிட்டதா என்று குடைந்தெடுப்போம். அதே ஆள் தன் பெயரில் என்ன வில்லங்கம் இருக்கிறது என்று, அதாவது தன் கடன் வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று, ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டான். நானும் 43 வயது வரை பார்த்ததில்லை. இத்தனைக்கும் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிற பிழைப்பு. அடுத்தவர் கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

போன வருடம் அவிநாசிப் பக்கம் வீடு கட்ட 20 லட்சம் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். காகிதமெல்லாம் சரியாக இருந்தது. மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், உங்க பேர்ல ஒரு கிரெடிட் கார்டு ரைட் ஆஃப்னு காட்டுதே" என்றார். என்னிடம் கார்டே கிடையாது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ஞாபகம் வந்துவிட்டது.

2018-ல் ஒரு மாலில் மேசை போட்டு நின்ற பையன், "வாழ்நாள் முழுக்க இலவசம் சார், டார்கெட்டுக்கு ஒரு கையெழுத்து" என்று கெஞ்சினான். பாவமாக இருந்தது, போட்டேன். கார்டு வந்தது. ஒரு தடவை பெட்ரோல் போட்டேன், அந்தப் பணத்தையும் கட்டிவிட்டேன். அப்புறம் கார்டு பீரோவுக்குள் போய்விட்டது. அடுத்த வருடம் வாடகை வீடு மாறினேன், பழைய சிம்மும் போயிற்று. "இலவசம்" என்ற கார்டுக்கு இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக் கட்டணம் 499, ஜிஎஸ்டியோடு 589 ரூபாய் ஏறியிருக்கிறது. அதற்குத் தாமதக் கட்டணம், அதற்கு வட்டி, மறுபடி கட்டணம். கடைசியில் 6,214 ரூபாய் வராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். இது எதுவும் எனக்குத் தெரியாது. பழைய முகவரிக்குக் கடிதம் போயிருக்கலாம். அங்கே இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

மேலாளர் நல்ல மனுஷன். இப்படியே கடன் கொடுத்தாலும் அரை சதவீதம் வட்டி கூடும் என்று சொன்னார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 20 லட்சம், 20 வருடம், எட்டரை சதவீதத்துக்கும் ஒன்பது சதவீதத்துக்கும் மாதத் தவணையில் வித்தியாசம் 640 ரூபாய் வருகிறது. 240 மாதத்துக்கு ஒன்றரை லட்சம். 589 ரூபாய்க்கு ஒன்றரை லட்சம்! கந்துவட்டிக்காரர்கூட இப்படி வாங்க மாட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை எழுதினால் "அதான் என் செயலியில ஸ்கோர் காட்டுதே, 760" என்று யாராவது வருவார்கள். பணம் அனுப்பும் செயலியில் வட்டம் போட்டுப் பச்சை முள் காட்டுமே, அது வெறும் எண். கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்பதற்கு 300-லிருந்து 900-க்குள் போடும் ஒரு மதிப்பெண். பெரும்பாலும் அடுத்த கடனை விற்பதற்காகத்தான் அதைக் காட்டுகிறார்கள். நான் சொல்வது ரிப்போர்ட்டை, வரி வரியாகப் படிப்பதை. உங்கள் பெயரில் எந்தெந்தக் கடன் ஓடுகிறது, எது முடிந்தது, கடைசி மூன்று வருடத்தில் எந்த மாதம் எத்தனை நாள் தாமதம், யார் யார் உங்களைப் பற்றி விசாரித்தார்கள், எந்த முகவரி, எந்தப் போன் எண் என்று எல்லாம் அதில் இருக்கும். என் ரிப்போர்ட்டில் நான் குடியே இல்லாத ஒரு தெருவின் பெயரும் இருந்தது. அது எப்படி வந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

நாம் எல்லாவற்றையும் "சிபில்" என்று ஒரே பெயரில் சொல்கிறோம், எந்த இயந்திரத்தில் நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்கிற மாதிரி. உண்மையில் வங்கிகளிடம் கடன் விவரம் வாங்கி இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்க ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005-ல் வந்த சட்டத்தின் கீழ் நடப்பவை. இந்த நான்கும் ஆளுக்கு வருடம் ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். 2017 ஜனவரியிலிருந்தே இந்த விதி இருக்கிறது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருவரிடம் என்று கேட்டால் வருடம் முழுக்கக் காசில்லாமல் பார்த்துவிடலாம். கட்டணத் திட்டத்தைப் பெரிய எழுத்தில் மேலே வைத்துவிட்டு இலவசத்தைக் கீழே ஒரு மூலையில் ஒளித்து வைக்கும் பழக்கம் இணையதளங்களில் உண்டு, பொறுமையாகத் தேடுங்கள். நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. கடன் கேட்டு நாம் விண்ணப்பித்து வங்கி பார்த்தால்தான் அது விசாரணையாகப் பதிவாகும். ஒரே மாதத்தில் ஐந்தாறு இடத்தில் கேட்டால் ஆள் பணத்துக்கு அலைகிறான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மேலாளர் சொன்ன அன்றே கார்டு கொடுத்த வங்கிக்குப் போன் போட்டேன். வசூல் பிரிவில் ஒருவர், "மூவாயிரம் கட்டுங்க சார், இன்னைக்கே செட்டில்மென்ட் பண்ணிடலாம்" என்றார். பாதி விலைக்கு முடிகிறதே என்று கையை நீட்டப் பார்த்தேன். நல்லவேளை, ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கும் நண்பர் தடுத்தார். செட்டில்மென்ட் என்று முடித்தால் ரிப்போர்ட்டில் "குளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். அதாவது, முழுசாகக் கட்டவில்லை, பேசிக் குறைத்து வாங்கினோம் என்று அர்த்தம். அடுத்து பார்க்கிற வங்கிக்கு அதுவும் வில்லங்கம்தான். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் இப்படிப் பாதி கட்டிவிட்டு, கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக வருடக்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

ஆகவே கட்டவில்லை. தகராறு எழுப்பினேன், அதாவது இந்தப் பதிவே தப்பு என்று புகார் கொடுத்தேன். இலவசம் என்று சொல்லி விற்ற கார்டு, எனக்கு ஒரு பில்லும் வரவில்லை என்று, அந்தக் காலத்து விளம்பரத் தாளைப் படம் எடுத்து (பீரோவில் கார்டோடு கிடந்தது, பழசைத் தூக்கிப்போடாத என் மனைவிக்கு நன்றி) ரிப்போர்ட் தரும் நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்தேன். அந்த நிறுவனம் தானாக எதையும் திருத்தாது. கடன் கொடுத்தவரிடம் கேட்கும், அவர் சரி என்றால்தான் மாற்றும். இதற்கெல்லாம் சேர்த்து 30 நாள் கெடு. அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது, 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எனக்கு 47 நாள் ஆயிற்று. கட்டணத்தை ரத்து செய்து, கணக்கை முடித்து, ரிப்போர்ட்டைத் திருத்தினார்கள். 17 நாளுக்கு 1,700 ரூபாயையும் கேட்டு வாங்கினேன். அந்தப் பணத்தில் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட்டோம். இவ்வளவு ருசியான பிரியாணியை நான் சாப்பிட்டதில்லை.

அவர்கள் கைவிரித்திருந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போயிருப்பேன். 2022 செப்டம்பரிலிருந்து இந்த நான்கு நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். இதை விட்டுவிட்டு, "சிபில் கிளியர் பண்ணித் தரோம், பத்தாயிரம்" என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். நீங்கள் இலவசமாகப் போடக்கூடிய அதே புகாரைத்தான் அவர்களும் போடுவார்கள்.

எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் கோபம் இல்லாமல் இல்லை. தப்பை எழுதுவது வங்கி, வைத்திருப்பது இன்னொரு நிறுவனம், அலைவது மட்டும் நாம். அதிலும் இது வெறும் கடன் விவகாரமாக நின்றாலும் பரவாயில்லை. வங்கி வேலைக்கே கடன் வரலாற்றைப் பார்க்கிறார்கள். வரலாறு சரியில்லை என்று ஒரு பொதுத்துறை வங்கி வேலை நியமனத்தை ரத்து செய்ததை 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது. மதிப்பெண் குறைவு என்பதற்காக மாணவனுக்குக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. என் ஓட்டு கேரளத்துக்கு. வேலை கிடைத்தால்தானே பையன் கடனைக் கட்டுவான்?

ஆனால் கோபப்பட்டுக்கொண்டு பார்க்காமல் இருந்தால் நஷ்டம் நமக்குத்தான். 2022 பிப்ரவரியில் ஞாபகம் இருக்கலாம், தங்கள் பான் எண்ணில் யாரோ செயலி மூலம் கடன் வாங்கியிருப்பதாக நாடு முழுக்கப் பலர் புகார் கிளப்பினார்கள். நடிகை சன்னி லியோன்கூடத் தன் பெயரில் 2,000 ரூபாய் கடன் இருப்பதாகச் சொன்னார். அவருக்கே அந்தக் கதி. ஜெராக்ஸ் கடையில் பான் கார்டை மறந்துவிட்டு வருகிற நமக்கு?

அப்புறம் ஜாமீன் கையெழுத்து. நம் ஊரில் இதை மறுத்தால் உறவே போய்விடும். ஆனால் நீங்கள் ஜாமீன் போட்ட கடன் உங்கள் ரிப்போர்ட்டிலும் உட்கார்ந்திருக்கும். பிள்ளையின் கல்விக் கடனில் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கும் இதே கதைதான். வங்கியில் வைத்த நகைக் கடன்கூட வரும். அடகுக் கடையில் வைத்தது பெரும்பாலும் வராது.

என் ரிப்போர்ட் சுத்தமான சந்தோஷத்தில் போன ஞாயிற்றுக்கிழமை மனைவியின் ரிப்போர்ட்டையும் எடுத்தோம். அவள் எந்தக் கடனும் வாங்கியதில்லை, ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். உள்ளே ஒரு டிராக்டர் கடன், நான்கு லட்சம் சொச்சம், ஜாமீன்தாரர் என்று அவள் பெயர். இரண்டு மாதம் 30 நாளுக்கு மேல் தாமதம். "தம்பி கேட்டானுங்க, சும்மா ஒரு கையெழுத்துன்னான்" என்றாள். மச்சானிடம் நான் இன்னும் பேசவில்லை. இந்தப் பதிவை அவன் எப்படியும் படிப்பான்.