ஈஎக்ஸ்ஈ ஃபைலைத் தூக்கிப் போட்டா வேலை முடிஞ்சுதா?

பார்கோடு ஸ்கேனர், பில் பிரின்டர் தயாரிக்கிற கம்பெனிக்காரங்களே, உங்களத்தான் கேக்குறேன். ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளயே ஓடுற சாஃப்ட்வேர், அதுக்கு அப்டேட்னு ஒரு ஜிப் ஃபைல் போடுறீங்க. பிரிச்சுப் பார்த்தா உள்ள விண்டோஸ்ல மட்டும் ஓடுற ஒரே ஒரு ஈஎக்ஸ்ஈ. விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸ் வெச்சிருக்கவன் எங்க போவான்?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைங்களுக்கு பில்லிங் சிஸ்டம் பார்த்துக் குடுக்குறது என் தொழில். நிறைய கடைக்கு நான் லினக்ஸ்தான் போட்டுக் குடுத்திருக்கேன். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. 11 ஏறாதுங்கற ஒரே காரணத்துக்காக நல்லா ஓடுற மெஷினைக் கழிச்சுக் கட்டுன்னு சொல்ல எனக்கு மனசு வராது. பில்லும் ஸ்டாக்கும் லினக்ஸ்ல தடையில்லாம ஓடுது. ஸ்கேனர்கூட கம்ப்யூட்டர்கிட்ட தன்னைக் கீபோர்டுன்னுதான் சொல்லிக்கும், டிரைவரே வேணாம்.

அப்டேட்னு வந்தாத்தான் தலைவலி. செல்போன் திரையில காட்டுற கியூஆரை ஸ்கேனர் படிக்கல. அதை புது ஃபர்ம்வேர்ல சரி பண்ணிட்டோம்னு கம்பெனி சொல்லுது. பண்டிகை நேரம், கடைக்குள்ள கால் வைக்க இடமில்ல. "இன்னா தம்பி, ஒவ்வொண்ணா நம்பர் அடிச்சிக்கினு இருந்தா கூட்டம் போயிடாதா?"ன்னு கடைக்காரர் கேக்குறாரு. நியாயமான கேள்வி.

ஈஎக்ஸ்ஈ விண்டோஸ்லதான் ஓடும், சரி, லினக்ஸுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுற விர்ச்சுவல்பாக்ஸ்ல விண்டோஸைப் போட்டு ஸ்கேனரை உள்ள இழுத்து விட்டா ஆரம்பிக்குது. கொஞ்ச தூரம் போய் 'டிவைஸ் நாட் ஃபவுண்ட்'. ஏன்னா, அப்டேட் ஆரம்பிச்சதும் ஸ்கேனர் யூஎஸ்பி இணைப்பை அறுத்துக்கிட்டு, ஃபர்ம்வேர் ஏத்துறதுக்கான பூட்லோடர் மோடுல, வேற ப்ராடக்ட் ஐடியோட (மாடலைச் சொல்ற நம்பர்) திரும்பி வருது. எந்தக் கருவியை உள்ள விடணும்னு விர்ச்சுவல்பாக்ஸ் ஃபில்டர்ல நாம குடுத்தது பழைய ஐடி. புது ஐடி வந்தவுடனே லினக்ஸ் அதைத் தன்கிட்டயே வெச்சுக்கிச்சு, உள்ள இருக்குற விண்டோஸ் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. லினக்ஸோட டிமெஸ்ஜி லாக்ல பார்த்தா பட்டவர்த்தனமா நிக்குது: முதல்ல டிஸ்கனெக்ட், அடுத்து அதே வெண்டார் ஐடி (கம்பெனியோட நம்பர்), வேற ப்ராடக்ட் ஐடி. இந்தத் தொல்லையில மாட்டிக்கிட்டவங்க ஃபில்டர்ல ப்ராடக்ட் ஐடியைக் காலியா விட்டு, வெண்டார் ஐடியை மட்டும் வைங்க. ரெண்டு அவதாரமும் மாட்டும். லினக்ஸ்ல கருவியைத் தொட அனுமதி குடுக்குற யூடெவ் ரூல் எழுதுறவங்களும் ரெண்டு ஐடிக்கும் எழுதணும், இல்லேன்னா பாதி வழியில 'பெர்மிஷன் டினைடு'ன்னு நிக்கும். இந்த ரெண்டாவது ஐடியை மேனுவல்ல ஒரு வரி போட உங்களுக்கு எது தடுத்துச்சு?

சரி, நிஜ விண்டோஸ்லயாவது ஒழுங்கா நடக்குமா? கடைக்காரர் தன் பொண்ணோட காலேஜ் லேப்டாப்பை வாங்கிட்டு வந்தாரு. முதல்ல ஆன்டிவைரஸ் ஈஎக்ஸ்ஈயைத் தின்னுடுச்சு. அதைத் தாண்டினா, பூட்லோடர் மோடுல வந்த ஸ்கேனருக்கு டிரைவர் இல்ல, டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் ஆச்சரியக்குறி. கஸ்டமர் கேருக்கு போன் போட்டா, "டிரைவர் சிக்னேச்சர் செக்கை ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க சார்"ங்கறான். டிரைவர் நம்பகமானதான்னு பார்க்குற பாதுகாப்பை, படிக்கிற பொண்ணோட லேப்டாப்புல கழட்டிப் போடச் சொல்றான்! கையெழுத்தில்லாத டிரைவரைக் குடுத்தது அவன், ஆபத்து மட்டும் அந்தப் பொண்ணுக்கா? வயிறு எரியுது.

விண்டோஸ் ஒசத்தியா லினக்ஸ் ஒசத்தியான்னு சண்டை போடுற ஆளு நான் இல்ல. ரெண்டுலயும் சோம்பேறித்தனம் உங்களோடது. யூஎஸ்பி வழியா ஃபர்ம்வேர் ஏத்தறதுக்கு டிஎஃப்யூன்னு பொது முறை இருக்கு, அதோட 1.1 பதிப்பு 2004-லயே வந்தாச்சு. அதை ஒழுங்கா கடைப்பிடிச்சிருந்தா டிஎஃப்யூ-யூட்டில்னு ஒரு இலவசக் கருவி, ஒரே கமாண்ட், முடிஞ்சுது. விண்டோஸ் 8-லேர்ந்து, டிவைஸுக்குள்ள சின்னதா ஒரு டிஸ்கிரிப்டர் (தன்னைப் பத்திச் சொல்ற குறிப்பு) வெச்சாலே விண்டோஸோட சொந்த வின்யூஎஸ்பி டிரைவர் தானா வந்து உக்காந்துக்கும், மஞ்சள் குறிக்கு வேலையே இல்ல.

லினக்ஸுக்கு எல்விஎஃப்எஸ்னு ஒரு பொதுக் கிடங்கு இருக்கு. ரிச்சர்ட் ஹியூஸ் ஆரம்பிச்சது. கம்பெனிங்க தங்களோட ஃபர்ம்வேரை அங்க ஏத்தலாம். டெல், லெனோவோ, லாஜிடெக் எல்லாம் ஏத்துறாங்க. கடையில 'fwupdmgr update'னு ஒரு வரி கமாண்ட் அடிச்சா, கையெழுத்தை சரிபார்த்து, ஏத்தி முடிச்சுடும். மவுஸ் ரிசீவருக்கே இப்படி அப்டேட் வருது. ஆயிரக்கணக்குல ரூபா வாங்கிட்டு விக்கிற ஸ்கேனருக்கு வராதா?

அது முடியலேன்னா, அந்த ஈஎக்ஸ்ஈக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்குற நிஜ ஃபர்ம்வேரான பின் (.bin) ஃபைலையாவது தனியா குடுங்க. கூடவே அதை எப்படி அனுப்பணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. மீதியை நாங்க பார்த்துக்குறோம்.

இனிமே எம்.சி. ரோட்டுல எந்தக் கடைக்காரர் எந்த ஸ்கேனர் வாங்கலாம்னு கேட்டாலும், முதல்ல எல்விஎஃப்எஸ் பட்டியலைத்தான் திறப்பேன். அதுல இல்லேன்னா, டிஎஃப்யூ இருக்கா, ஃபைலைத் தனியா தருவீங்களான்னு கம்பெனிக்கு மெயில் போடுவேன். எழுத்துல பதில் வராத வரைக்கும் அந்த மாடலுக்கு ஆர்டர் போட விடமாட்டேன்.