யோகி கரடி கழுத்துல டை எதுக்குன்னு தெரியாம சிரிக்காதீங்க

ரெண்டு நாளா எல்லாரும் ஷேர் பண்ணிட்டிருக்கீங்களே அந்த வீடியோ, ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூன்ல ஃப்ரெட் வீட்டுக்குள்ள ஓடும்போது அதே ஜன்னல் அதே நாற்காலி திரும்பத் திரும்ப வருதுன்னு எண்ணிக் காட்டி "சோம்பேறிப் பசங்க"ன்னு தலைப்பு வச்சது, அதைப் பத்திதான் எழுதுறேன். சிரிச்சவங்கள்ல பாதிப் பேரு என் ஃப்ரெண்ட்ஸ், அதான் பேசாம இருக்க முடியல.

அந்தக் கார்ட்டூனைப் பண்ண ஹன்னாவும் பார்பெராவும் சோம்பேறியா? எம்.ஜி.எம்ங்கிற ஹாலிவுட் சினிமாக் கம்பெனில உக்காந்து டாம் அண்ட் ஜெர்ரி பண்ணவங்கங்க. அந்த சீரிஸ் ஏழு ஆஸ்கர் வாங்குச்சு. பழைய கார்ட்டூனையே திரும்ப ரிலீஸ் பண்ணாலும் கிட்டத்தட்ட அதே காசு வருதேன்னு கணக்குப் பார்த்து 1957ல எம்.ஜி.எம் தன்னோட கார்ட்டூன் ஸ்டுடியோவை மூடிருச்சு. ஒரு போன் கால், மொத்தப் பேருக்கும் வேலை போச்சு. சரின்னு டிவிக்கு வந்தா, தியேட்டர் கார்ட்டூனுக்குக் கிடைச்ச பட்ஜெட்ல ஒரு துளிதான் தர்றாங்க, ஆனா வாராவாரம் எபிசோடு வேணுங்கிறாங்க. வரையத் தெரியாம இல்ல, வரைய விடல.

அதுக்குத்தான் அவங்க பண்ண யோகி கரடி கழுத்துல அந்த டை. கழுத்துல ஒரு கோடு விழுந்துட்டா உடம்பை அப்படியே நிறுத்திட்டு தலையை மட்டும் தனி செல்லுல, அதாவது கண்ணாடி மாதிரி ஷீட்டுல, வரைஞ்சு பேச வைக்கலாம். இதைக் கண்டுபிடிச்சவங்களையா சோம்பேறிங்கிறீங்க?

நான் கொஞ்ச காலம் ஒரு ஸ்டுடியோல இன்பிட்வீன், அதாவது ஒரு அசைவோட முக்கியப் படங்களுக்கு நடுவுல வர்ற படங்கள், போட்டவன். முட்டி வலியோட ஒரு பாட்டி படி ஏறணும், எந்தக் கால்ல பாரம் விழும், கை எப்போ கைப்பிடியைத் தேடும்னு பார்த்துப் பார்த்து வரைஞ்சேன். நல்லா வந்துச்சுன்னு அடுத்தடுத்த எபிசோடுலயும் அதையே எடுத்துப் போட்டாங்க. என் பேரு எங்கயும் வரல. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தர் பார்த்துட்டு "ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிப் போடுறதுக்கா சம்பளம்"னு கேட்டார். அன்னைக்கு நான் பதில் சொல்லல. இப்ப சொல்றேன்.

"டிஸ்னி பண்ணலையா"ன்னு வருவீங்க. ஒரு படத்துக்கு வருஷக்கணக்கா நேரமும் காசும் குடுத்தா எல்லாரும் பண்ணுவாங்க. "பக்ஸ் பன்னி கார்ட்டூன் எடுத்த சக் ஜோன்ஸே இந்த டிவி கார்ட்டூன்களை படம் போட்ட ரேடியோன்னு சொல்லிட்டாரே"ம்பீங்க. சொன்னார், அவர் பெரிய ஆளு, ஒத்துக்கிறேன். ரேடியோன்னே வச்சுக்குவோம், அந்த ரேடியோல பேசினது யாரு? அவங்க கார்ட்டூன் கேரக்டர்கள் யோகி, ஹக்கிள்பெரி ஹவுண்ட், குவிக் டிரா மெக்ரா மூணு பேருக்கும் ஒரே மனுஷன், டாஸ் பட்லர். 1961ல கார் விபத்துல உடம்பெல்லாம் கட்டுப் போட்டுப் படுத்திருந்த மெல் பிளாங்க் படுக்கையில இருந்தே ஃப்ரெட்டோட ஃப்ரெண்டு பார்னிக்குக் குரல் குடுத்தார். படம் அசையாத இடத்துல இவங்க குரல் அசைஞ்சுச்சு, அதனாலதான் ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் பிரைம் டைம்ல ஆறு சீசன், 166 எபிசோடு நின்னுச்சு. ஜன்னலை எண்ணிட்டிருந்தா இது காதுல விழாது.

எழுபதுகள்ல வந்த டிவி கார்ட்டூனெல்லாம் நல்லாருந்துச்சான்னு கேட்டா, நிறைய சுமார்தான். அதுக்கும் வரைஞ்சவனையே திட்டாதீங்க. எத்தனை படம் வரையணும்னு அவனா முடிவு பண்றான்? வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பாதேன்னு 1982ல ஸ்ட்ரைக் பண்ணதும் இதே அனிமேட்டர்கள்தான்.

இவாவோ டகமோட்டோவைத் தெரியுமா உங்களுக்கு? ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அமெரிக்க அரசாங்கம் ஜப்பானிய வம்சாவளிங்கிற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தோட முகாம்ல அடைச்சு வச்ச பையன். அந்த முகாம்லதான் கூட இருந்தவங்ககிட்ட படம் வரையக் கத்துக்கிட்டார். 1969ல ஹன்னா-பார்பெராவுக்காக ஸ்கூபி டூங்கிற கார்ட்டூன் நாயை டிசைன் பண்ணது அவர்தான். கிரேட் டேன்ங்கிற பெரிய நாய் இனத்தை வளர்க்குறவங்ககிட்ட உக்காந்து நல்ல நாய்க்கு என்னென்ன இருக்கணும்னு கேட்டுக்கிட்டு, எல்லாத்தையும் வேணும்னே தலைகீழாப் போட்டார், வளைஞ்ச கால், கூன் முதுகு, சின்னத் தாடை. தூரத்துல கறுப்பு நிழலாப் பார்த்தாலும் ஸ்கூபின்னு சொல்லிருவீங்க இல்ல? அது அவர் போட்ட கோடு. அதையும் எண்ணிக் காட்டி ஒரு வீடியோ போடச் சொல்லுங்க, நானே ஷேர் பண்றேன்.