கல்லமேட்டு ராட்சசனும் 170 டன் கணக்கும்

"நீலத் திமிங்கிலத்தையே மிஞ்சிய டைனோசர் நம்ம அரியலூரில்!" என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டே இருக்கிறது. பகிர்வதற்கு முன் அதில் சொல்லும் 170 டன் எடை எப்படி வந்தது என்று பாருங்கள்.

அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில், சுமார் 7 கோடி ஆண்டு பழைய படிவுகளில் கிடைத்த எலும்புகளுக்கு நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் பிருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்புத் துண்டு, முன்கை எலும்பு, வால் முள்ளெலும்பு, 2 மீட்டர் நீள டிபியா (கீழ்க்கால் எலும்பு): கையில் இருந்தது அவ்வளவுதான். முதலில் அதை ஊனுண்ணி என்றே எழுதினார்கள். நீள்கழுத்துத் தாவர உண்ணி என்ற கருத்து 1995-இல்தான் வந்தது.

எடை 110 முதல் 170 டன் என்று 2023-இல் ஒரு மதிப்பீடு வெளியானது. பதிவுகளில் 170 மட்டும்தான் மிஞ்சியது!

இந்த மாதிரிக் கணக்கு எவ்வளவு ஆடும் என்று நாமே போட்டுப் பார்க்கலாம். ஒப்பீட்டுக்கு எடுப்பது, அர்ஜென்டினாவில் கிடைத்த நீள்கழுத்து ராட்சசனான அர்ஜென்டினோசாரஸின் 1.55 மீட்டர் கீழ்க்கால் எலும்பு. 2-ஐ 1.55-ஆல் வகுத்தால் 1.29. எடை நீளத்தின் மும்மடிப்படி ஏறும் என்பதால் அது 2.15 மடங்கு. அர்ஜென்டினோசாரஸுக்கு 75 டன் வைத்தால் இதற்கு 161 டன். டிபியாவை அளந்ததில் 10 சதவீதம் கூடியிருந்தால்? 117 டன். வெறும் 20 சென்டிமீட்டர், 44 டன்னை விழுங்கிவிடும். போதாக்குறைக்கு அந்த 1.55 மீட்டர் எலும்பு டிபியாவே இல்லை. முதலில் அப்படி எழுதியதைப் பிறகு ஃபிபுலா (கீழ்க்காலில் டிபியாவுக்கு அருகிலுள்ள இன்னொரு எலும்பு) என்று திருத்திவிட்டார்கள்.

திரும்ப அளக்கலாமா என்றால் எலும்பே இல்லை. விரிசல் ஓடிய எலும்புகள், பாதுகாப்பாக எடுத்துப்போகச் சுற்றிய பிளாஸ்டர் உறைக்குள்ளேயே நொறுங்கிப் போயின. அது எலும்பே அல்ல, கல்மரம் (கல்லாகிப்போன மரம்) என்ற சந்தேகமும் இருந்தது. சாத்தனூர் கல்மரம் பக்கத்திலேயே இருக்கும்போது அது விபரீதமான சந்தேகம் இல்லை. ஒரு சிறு துண்டு மிஞ்சியிருந்தாலும் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் எலும்பா மரமா என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். 2022-இல் வெளியான பழைய களப் படங்களைப் பார்த்தபின் எனக்கு அது எலும்புதான் என்று படுகிறது. ஆனால் படத்தை வைத்து டன் கணக்கு சொல்ல மாட்டேன்.

அடுத்த எலும்பு வெளிப்பட்டால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு முக்கியம். களிமண் படிவில் எலும்பை வெயிலில் காய விட்டால் மண் சுருங்கி வெடிப்பு விழும். நனைந்தால் ஊதிப் பிளக்கும். நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். பிறகுதான் அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 (எலும்பை இறுக்கும் பிசின்). ஈரம் இருக்கும்போதே ஊற்றினால் பால் போல வெளுத்து மேலோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது. அதன்மேல் ஈரத் தாளோ அலுமினியத் தாளோ சுற்றிவிட்டுத்தான் பிளாஸ்டரில் நனைத்த சாக்குப் பட்டை. இந்தத் தாளை விட்டுவிட்டால் உறையைப் பிரிக்கும்போது எலும்பின் மேற்பரப்பும் சேர்ந்தே வரும். இதற்கெல்லாம் முன்னால், மண்ணில் கிடக்கும்போதே பக்கத்தில் அளவுகோல் வைத்து எல்லாக் கோணத்திலும் படமெடுத்து முப்பரிமாண மாதிரி செய்துவிட வேண்டும். எலும்பு நொறுங்கினாலும் அளவு மிஞ்சும்.

கல்லமேட்டில் மழை அரித்துத்தான் எலும்பு வெளியே வரும், அடுத்த மழையிலேயே கரையவும் செய்யும். களத்துக்குப் போவதற்கு இருக்கும் அவகாசம் அந்த இரண்டு மழைக்கு நடுவில்தான்.