ஸ்கிரீன்சொட் எடுத்தவருக்கு

வியாழக்கிழமை நான் போட்ட படம் எத்தனை வட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்திருக்கிறது என்று நேற்றுத்தான் தெரிந்தது. மச்சான் தன் போனைத் திறந்து காட்டினான். என் வீட்டு ஜன்னல், என் மகள், அவள் கையில் ஒரு முழ அகலம்கூட இல்லாத இங்கிலாந்தின் சிவப்புச் சிலுவைக் கொடி. கீழே ஒரு வசனம்: "இவருக்கு எப்ப தோல் வெளுத்தது?" அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள், வரிசையாக. அவற்றில் நாலு பேர் என் வீட்டில் கைநனைத்தவர்கள்.

"விடுங்கோவன், உங்களுக்கு வேற வேலை இல்லையோ" என்று மனுசி சொன்னா. விட்டுவிடத்தான் இருந்தேன். ஆனால் படத்தில் நிற்பது என் பிள்ளை. ஆகவே எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

அன்றைக்கு ஏப்ரல் 23, இங்கிலாந்தின் காவல் புனிதரான புனித ஜோர்ஜின் நாள். மார்ச் 17இல் அயர்லாந்துக்காரர் தங்கள் புனிதரைக் கொண்டாடும்போது பச்சைத் தொப்பி போட்டு செல்பி எடுத்த அதே ஆட்கள்தான் இப்போது என்னைக் கேள்வி கேட்கிறார்கள். அப்போது உங்களுக்கு ஐரிஷ் தோல் வளர்ந்ததா? ஸ்கொட்லாந்தில் நவம்பர் 30 அவர்களின் புனிதர் நாளுக்கு விடுமுறை உண்டு. இங்கிலாந்துக்கு விடுமுறையும் இல்லை, தனக்கென்று ஒரு கீதமும் இல்லை. உதைபந்தாட்ட மைதானத்தில் வேல்ஸ்காரன் தன் பாட்டைப் பாட, இங்கிலாந்துக்காரன் முழுப் பிரித்தானியாவுக்கும் பொதுவான அரச கீதத்தைப் பாடிவிட்டு நிற்கிறான். 1966 உலகக் கோப்பைப் படங்களை எடுத்துப் பாருங்கள், வெம்பிளியில் சனம் ஆட்டியது முழுப் பிரித்தானியாவுக்கும் பொதுவான யூனியன் ஜாக் கொடி. சிவப்புச் சிலுவை பெருவாரியாக மைதானத்துக்கு வந்தது 1996 யூரோ உதைபந்தாட்டப் போட்டியில்தான். நான் இலங்கையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது 1991. கணக்குப் பார்த்தால் அந்தக் கொடிக்கு என்னைவிட சர்வீஸ் குறைவு.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஒருவன் தன் வீட்டு ஜன்னலில் வைக்கும் கொடி வேறு. அடுத்தவனை வெருட்டுவதற்கென்று தெருவில் கட்டும் கொடி வேறு. துணி ஒன்றுதான், கட்டுகிற கை வேறு.

"போன கோடையை மறந்திட்டியோ?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2025 ஓகஸ்டில் பேர்மிங்காம் பக்கம் தொடங்கி நாடு முழுக்க லைட் போஸ்டுகளில் கொடி ஏறியது. ரவுண்டபவுட்டுகளில் சிவப்புப் பெயின்றால் சிலுவை அடித்தார்கள். எங்கள் தெரு முனையிலும் ஒரு விடியற்காலை பார்த்தால் வரிசையாக ஆறு கொடி. இரவில் யாரோ ஏணி வைத்து ஏறியிருக்கிறார்கள். ஆறையும் எண்ணிக்கொண்டே வேலைக்குப் போனேன், எண்ணும்போது வயிற்றுக்குள் ஏதோ செய்தது. செப்டெம்பர் 13இல் தீவிர வலதுசாரிகள் கூட்டிய பேரணிக்கு மத்திய லண்டனில் ஒரு லட்சத்துக்கு மேல் சனம் என்று பொலிஸ் கணக்குச் சொன்னது. அன்றைக்கு மகளை நடன வகுப்புக்கு அனுப்பவில்லை. எனக்குப் பயம் இல்லை என்று யார் சொன்னது? பயப்பட்ட ஆள்தான் இதை எழுதுகிறான்.

இன்னும் பின்னால் போங்கள். 1993 ஏப்ரல் 22. தென்கிழக்கு லண்டனில், எல்தமில், பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஸ்டீபன் லோறன்ஸ் என்ற கறுப்பினப் பெடியனை வெள்ளை இனவெறியர் குத்திக் கொன்றார்கள். அவனுக்கு 18 வயது, எனக்கு அப்போது 20. அதே வருடம் செப்டெம்பரில் கிழக்கு லண்டனில், மில்வோல் வட்டாரத்தில், வெளிப்படையான இனவாதக் கட்சி ஒன்று கவுன்சில் ஆசனம் பிடித்தது. நான் பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு வேலை. வேலை முடிந்தால் பஸ் தரிப்பிடத்தில் நிற்கமாட்டேன், எதிர்க்கடை வெளிச்சத்தில் நின்று பஸ் வரும்போது ஓடுவேன். கொடி தொங்குகிற பப் என்றால் தெருவின் மற்றப் பக்கம். "அவன் செத்த நாளுக்கு அடுத்த நாள் கொடி பிடிக்க எப்படி மனம் வந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, எழுபத்தெட்டு வயது. ஊரில் வேலி என்றால் வழக்கு; இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் வேலிதான் திண்ணை. போன வருடம், அந்த லைட் போஸ்ட் அமளிக்குப் பிறகு, வேலிக்கு மேலால் மெல்லக் கேட்டார்: நான் என் வீட்டில் கொடி கட்டினால் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமா? பிறகுதான் விசயம் வெளியே வந்தது. முந்தி ஒவ்வொரு ஏப்ரலும் கட்டுவாராம். நாங்கள் குடிவந்த பிறகு நிறுத்திவிட்டாராம். பதினோரு வருடம்! நாங்கள் பயந்துவிடுவோம் என்று நினைத்து அந்த மனிசன் பதினோரு வருடம் தன் கொடியைக் கொட்டிலுக்குள் பெட்டியில் வைத்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. லைட் போஸ்டில் ஏறினவன் யாரிடமாவது கேட்டானா? அந்தப் போஸ்டே கவுன்சிலுடையது. இவர் தன் சொந்த வீட்டுக்கு என்னிடம் அனுமதி கேட்கிறார். இந்த இரண்டு பேரும் உங்களுக்கு ஒன்றா?

இந்த ஏப்ரலில் நான்தான் சொன்னேன், கட்டுங்கள் என்று. தனியாகக் கட்டக் கூச்சப்பட்டார். அதுதான் எங்கள் ஜன்னலிலும் ஒன்று. கதை இவ்வளவுதான். தோல் வெளுத்த கதை இதுதான்.

மகளுக்கு வேறு காரணம். அவள் ஆர்சனல் கழக ரசிகை, அந்த அணியின் சாக்கா என்றால் அவளுக்கு உயிர். 2021 யூரோ இறுதிப் போட்டியில் சாக்காவும் ரஷ்போர்டும் சாஞ்சோவும் பெனால்டியைத் தவறவிட்ட இரவு, ஒன்பது வயதுப் பிள்ளை தோல்விக்காக அழுதது. அந்த மூன்று பேருக்கும் கறுப்பர் என்பதற்காக வந்த தூசணத்தைக் கேள்விப்பட்டு அடுத்த நாள் அழுதது. அதற்குப் பிறகும் அந்தக் கொடியை அவள் விடவில்லை. விடச்சொல்லி அவளுக்குச் சொல்ல நான் யார்? நீங்கள் யார்?

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் "அடிமைப் புத்தி" என்று எழுதியிருந்தார். ஐயா, 1644இல் சென்னையில் கட்டிய கோட்டைக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று ஒருக்கால் தேடிப் பாருங்கள். அதைக் கட்டி முடித்த நாள் ஏப்ரல் 23. உங்கள் முதலமைச்சர் ஒவ்வொரு ஓகஸ்ட் 15உம் தேசியக் கொடி ஏற்றுவது இதே புனித ஜோர்ஜின் கோட்டையில்தான். அங்கே யாரும் ஸ்கிரீன்சொட் எடுக்கவில்லையா?

மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் பக்கச்சார்பு என்பீர்கள். எங்கள் வட்டாரக் குழுவில் ஒரு வெள்ளைக்காரர், வடிவான படம்தான், ஆனால் அது உங்களுடைய கொடி இல்லையே என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார். ஜோர்ஜே இங்கிலாந்து மண்ணை மிதிக்காத ஆள் என்று பதில் போடலாம், அந்தப் பகிடியை இங்கே எல்லோரும் சொல்லிச் சலித்துவிட்டார்கள். நான் ஒன்றும் போடவில்லை. அவரை விட்டுவிடுங்கள், அவர் எனக்கு யாரோ. அவர் சொன்னதையே சிரிப்பு முகத்தோடு சொன்ன நீங்கள் என் ஊர்.

ஓகஸ்ட் வந்தால் வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் தேர். ரோட்டை மறித்து, காவடி எடுத்து, தேங்காய் உடைத்து, மேளம் அடிக்கிறோம். அந்த ரோட்டில் குடியிருக்கிற வெள்ளையள் வாசலில் நின்று பார்க்கிறார்கள். எங்களுக்கு முழு ரோட்டும் வேணும். அவர்களுக்கு ஒரு ஜன்னல் அகலம் கூடாதா?

எங்கேயோ போகிறேன். போகட்டும், இதையும் சொல்லிவிடுகிறேன்.

1990இல் நோர்மன் டெபிட் என்ற கொன்சர்வேட்டிவ் அரசியல்வாதி ஒரு சோதனை வைத்தார்: வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த நாட்டுக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். 1998 ஓகஸ்டில் நான் ஓவல் மைதானத்தில் இருந்தேன். இலங்கை அணியின் முரளி அந்த டெஸ்டில் 16 விக்கெட். கண்டியில் பிறந்த தமிழன் இங்கிலாந்தைச் சுருட்டுகிறான், தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெடியன், நல்ல பெடியன், சந்தோசத்தில் தன் கையில் இருந்த சிங்கக் கொடி ஒன்றை என்னிடம் நீட்டினான். நான் இரண்டு கையையும் ஜக்கெற் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டேன். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு அந்தக் கொடி பள்ளிக்கூடத்தில் பார்த்த கொடி இல்லை, ஆமி ட்ரக்கில் பார்த்த கொடி. இன்னொரு கொடியைப் பற்றி இங்கே எழுதினால் கருத்துப்பெட்டி வேறு பக்கம் போய்விடும், விடுகிறேன். டெபிட் அன்றைக்கு வந்து பார்த்திருந்தால் எனக்கு என்ன மார்க் போட்டிருப்பார்? கத்தின தொண்டைக்கா, பொக்கற்றுக்குள் இருந்த கைக்கா?

ஐம்பத்து மூன்று வயது. இதுவரை ஒரு கொடியையும் பயமில்லாமல் கையில் பிடித்ததில்லை. என் மகள் பிடித்தாள், சிரித்துக்கொண்டு. அதைத்தான் நீங்கள் படம் பிடித்து அனுப்பி விளையாடுகிறீர்கள்.

நாளைக்கு ஏதாவது கூட்டம் அதே கொடியோடு எங்கள் தெருவுக்கு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பவர்களுக்கு: கதவைப் பூட்டுவேன். பொலிசுக்கு, 999க்கு அடிப்பேன். பிறகு கூட்டம் போனதும் பக்கத்து வீட்டுக்காரர் தேத்தண்ணிக்கு வருவார்.

ஜூனில் உதைபந்தாட்ட உலகக் கோப்பை தொடங்குகிறது. இங்கிலாந்து அணிக்குப் பயிற்சியாளர் ஒரு ஜெர்மன்காரர், அதையும் இந்தச் சனம் பேசாமல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதுவரை கொடி ஜன்னலிலேயே இருக்கும். இனிப் படம் எடுக்கிறவர்கள் பின்னேரம் நாலு மணிக்குள் வாருங்கள், அதற்குப் பிறகு கண்ணாடியில் வெயில் தெறித்து முகம் வடிவாக விழாது.