இருநூறு அதிர்வுகள்

மேடையில் வாசிக்கிற நேரத்தைவிட மேடைக்குப் பின்னால் காத்திருக்கிற நேரம்தான் எங்களுக்கு அதிகம். ஒலிச்சோதனை முடிந்து நிகழ்ச்சி தொடங்குவதற்குள் மூன்று மணி நேரம், சில நாள் நான்கு. வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு அந்த நேரத்தில் நான் படிப்பது அறிவியல் புனைகதை. அதிலும் ரொம்ப தூரம் பார்த்தவர்கள் எழுதிய நாவல்கள்.

சக கலைஞர்கள் அட்டையைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதில் சொன்னது ஏதாவது பலித்ததா?" அந்தக் கேள்வியால் இந்த நாவல்களை அளக்கவே முடியாது என்று நினைக்கிறேன். பலித்த ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்வர்ட் பெல்லமி 1888இல் எழுதிய 'லுக்கிங் பேக்வர்ட்' நாவலில், 2000ஆம் ஆண்டில் வீட்டுக்கு வீடு 24 மணி நேரமும் தொலைபேசிக் கம்பி வழியாக இசை வருகிறது. ஒரு திருகைத் தொட்டால் போதும். இன்றைய கைபேசியை அன்றைக்கே சொல்லிவிட்டார் என்று வியக்கிறார்கள். எனக்கு அந்தக் கம்பியின் மறுமுனைதான் கண்ணில் பட்டது. அங்கே மனிதர்கள் அந்த நொடியில் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். நள்ளிரவில் தூக்கம் வராத ஒருவருக்காக நள்ளிரவில் ஒருவர் விழித்திருந்து வாசிக்கிறார். நாட்டின் செல்வத்தில் அவருக்கும் எல்லோரையும்போலச் சம பங்கு உண்டு. நமக்குக் கம்பி வந்து சேர்ந்தது, அந்தப் பங்கு வரவில்லை. பலிக்காத அந்தப் பாதிக்காகத்தான் அந்த நாவலை மறுபடி மறுபடி எடுக்கிறேன்.

ஆனால் என் வாசிப்பையே மாற்றியவர் ஆங்கில நாவலாசிரியர் ஓலாஃப் ஸ்டேபிள்டன். 1930இல் வந்த அவருடைய 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்' நாவலை முதல் தடவை பாதியில் மூடி வைத்துவிட்டேன். கதாநாயகன் இல்லை, உரையாடல் கிடையாது என்றே சொல்லலாம். 200 கோடி ஆண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக 18 மனித இனங்கள். பூமியிலிருந்து வெள்ளிக்கும், அங்கிருந்து நெப்டியூனுக்கும் குடிபெயர்கிறார்கள். 'பாத்திரங்களே இல்லை, இது என்ன நாவல்?' என்று பலர் குறைப்படுவது தெரியும். இரண்டாம் முறை படித்தபோது எனக்கு அந்தக் குறையே தோன்றவில்லை. ஓர் ஆலாபனையில் யார் பாத்திரம்?

ஒரே மெட்டை விதவிதமாக மாற்றி வாசிக்கும் மாறுபாட்டு வடிவம் என்று இசையில் ஒன்று உண்டு. இது நாவலாக எழுதப்பட்ட அந்த வடிவம். ஒரு கருப்பொருள், அதன் 18 விரிவுகள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு ஸ்வரம் மாறுகிறது: உடல் பெரிதாகிறது, மூளை மட்டும் மிஞ்சுகிறது, சிறகு முளைக்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் 1741இல் வெளியிட்ட கோல்ட்பெர்க் மாறுபாடுகளில் 30 விரிவுகளுக்குப் பிறகு தொடக்கத்தில் கேட்ட அதே மெட்டு ஒரு ஸ்வரம்கூட மாறாமல் திரும்பி வரும். இத்தனையும் கேட்ட காதுக்கு அது வேறாக ஒலிக்கும். ஸ்டேபிள்டனும் அதையே செய்திருக்கிறார். கதையைச் சொல்வது நெப்டியூனில் வாழும் கடைசி மனிதன். காலத்தைத் தாண்டி நம் காலத்து எழுத்தாளன் ஒருவனின் மனதுக்குள் புகுந்துதான் சொல்கிறான். பதினெட்டாவது விரிவு திரும்பி வந்து முதல் மெட்டைத் தொடுகிறது. அதைப் புரிந்துகொண்ட அன்று புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இசையை அவர் புனிதமாக்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் மனித இனத்தில் ஒவ்வொரு மனிதனும் ஒரு மெட்டு என்று சொல்லும் ஒரு ஞானி வருகிறார். அவர் பெயரால் ஒரு பேரரசே எழுகிறது. பிறகு அந்த இசையே அடக்குமுறையாகிவிடுகிறது. இசை மனிதரை நல்லவராக்கும் என்று மேடையில் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

இன்னொரு கணக்கு. பெர்சியஸ் விண்மீன் திரள் கொத்தில், சூடான வாயுவில் பரவும் ஒலி அலைகளை சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி கண்டதாக 2003இல் அறிவித்தார்கள். அந்த அலைகளின் சுரம் பியானோவின் நடு ஸ்தாயியிலிருந்து 57 ஸ்தாயி கீழே. ஓர் அதிர்வு முடிய ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு ஆகும். ஸ்டேபிள்டனின் 18 மனித இனங்களும் பிறந்து, பறந்து, அழிந்து முடிவதற்குள் அந்தச் சுரம் 200 தடவைதான் அதிர்ந்திருக்கும். என் வயலினில் நொடிக்கு 440 அதிர்வுக்குச் சுருதி சேர்த்த தந்தி அந்த 200 அதிர்வுகளை அரை நொடிக்குள் முடித்துவிடும். அதற்குப் பிறகு, ஒரு குறுகிய சுரத்தை அலட்சியமாக இழுத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

1937இல் அவர் எழுதிய 'ஸ்டார் மேக்கர்' நாவலில் சில பத்திகளே வரும் ஒரு பிரபஞ்சம் உண்டு. அங்கே இடம் என்பதே இல்லை, ஸ்தாயிதான் தூரம். உயிர்களின் உடல் ஸ்வரக்கோவைகளால் ஆனது. குளத்தில் இரண்டு அலைகள் கடப்பதுபோல ஒன்றையொன்று ஊடுருவிப் போகும். மோதிக்கொண்டு காயப்படுத்தவும் செய்யும். படித்த மறுநாள் காலை இரண்டு தந்திகளில் ஒரே ஸ்வரத்தை 440, 442 என்று மயிரிழை விலக்கிப் பிடித்தேன். ஒலி நொடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கித் துடித்தது. பயிற்சி தொடங்கிய நாள் முதல் சுருதிப் பிழை என்று விரட்டி வந்த துடிப்பு அது. அன்று இரண்டு உடல்கள் ஒன்றையொன்று கடக்கிற ஓசையாகக் கேட்டது. கமகத்தில் விரல் நகர்வதை இப்போது ஒரு பயணமாகத்தான் உணர்கிறேன். புறப்பட்ட ஊரும் சேரும் ஊரும் மட்டுமல்ல, நடுவில் உள்ள தூரமும் கேட்க வேண்டும்.

ஸ்டேபிள்டனிடம் சிக்கிய முதல் இசைக்காரன் நான் அல்ல. ஐஸ்லாந்து இசையமைப்பாளர் யோஹான் யோஹான்சன் 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்' நாவலைத் தானே இயக்கிப் படமாக்கினார். 2018இல் இறந்துவிட்டார். படம் 2020இல் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டது.

நானும் தனி வயலினுக்கு 18 விரிவுகள் எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஆறு முடிந்தது, ஏழாவதில் நிற்கிறேன். நாவலின் ஏழாம் மனித இனத்தார் வெள்ளிக் கோளில் சிறகோடு வாழ்ந்தவர்கள். பறப்பதே அவர்களுக்கு வாழ்க்கை. கடைசியில் கூட்டமாக ஓர் எரிமலைக்குள் பறந்து போய் முடிந்துவிடுகிறார்கள். அந்த முடிவைக் கீழிறங்கும் இசைத் தொடராக முதலில் எழுதினேன். அது விழுவதுபோல ஒலித்தது, அவர்கள் விழவில்லையே. இப்போது மேல்நோக்கி இழுத்து, உச்சத்துக்குச் சற்று முன்னால் வில்லை எடுத்துவிடுகிறேன். எந்த ஸ்வரத்தில் எடுப்பது என்பது இன்னும் பிடிபடவில்லை.